இருபத்துநாலில் ஒரு பங்கு கார்

மூன்றாம் தடவையும் சாரதிப் பரீட்சையில் தோற்ற மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வேலையிடத்துப் பெண்கள் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள்.

வென்றவர்களுக்குத்தான் கேக் வெட்டுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். கேக்கின் மேல் சிவப்பு ஐசிங்கில் ஒரு கார். அதன் மூக்கு ஒரு சொக்கலேட் மின்கம்பத்தில் செருகி நின்றது. மின்கம்பத்தை உடைத்துத் தின்றவள் நான்தான். அது எனக்குச் சேர வேண்டியது என்று எல்லோரும் ஏகமனதாகச் சொல்லிவிட்டார்கள்.

கனடாவின் மிசிசாகாவில், விமான நிலையத்தின் முதுகுப்புறத்தில், பயணிகளுக்கான சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் தொழிற்சாலை அது. நான் பணிஸ், அதாவது பன் ரொட்டி, வைப்பவள். ஒரு தட்டுக்கு ஒரு பணிஸ், ஒரு வெண்ணெய்க் கட்டி. பன்னிரண்டு வருடமாக அதே கை, அதே பணிஸ். எனக்கு அடுத்த இடத்தில் நின்று சலாட் வைப்பவள் லோகா. மட்டக்களப்புக்காரி. கேக் அவளுடைய யோசனை. கேக் முடிந்ததும் அவள்தான் மேசைக்குக் கீழே இருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க அக்கா. இத ஓட்டிப் பாருங்க. இதுல இடிச்சா ஆருக்கும் ஒண்டும் ஆகாது."

பெட்டியின் மேல் ஒரு பழைய அமெரிக்கக் காரின் படம். ஐம்பதுகளில் ஓடியிருக்க வேண்டும். கூரை இல்லை. பின்பக்கத்தில் சுறாவின் செட்டை மாதிரி இரண்டு சிறகுகள். தலையில் துணி கட்டிய வெள்ளைக்காரி ஒருத்தி ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மற்றக் கையை யாருக்கோ காட்டிக்கொண்டு போனாள். மூலையில் 1/24 என்று போட்டிருந்தது. அசல் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. என் திறமைக்கு அந்த அளவுதான் சரி என்று அங்கே எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நினைவுக் குறிப்பு எழுத வந்தவள் அதையும் எழுதத்தான் வேண்டும்.

(சென்ற கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில், கோயில் அன்னதானத்தில் பாயசம் அடிப்பிடித்த கதையை எழுதியதற்கு மூன்று அன்ரிமார் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். மூன்று பேரும் தாங்கள்தான் அந்தப் பாயசம் காய்ச்சியவர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் கிழமை நான் யாருடைய அடுப்பிலும் கை வைக்கவில்லை.)

குணம் மாஸ்ரர்

எனக்குக் கார் பழக்கியவர் என் கணவர் குணம். எழுத்தில்தான் இப்படிப் பெயர் சொல்லுகிறேன். வீட்டில் இருபத்தாறு வருடமாக அவர் 'இஞ்சேருங்கோ'தான்.

குணம் பொதி விநியோகிக்கும் வான் ஓட்டுபவர். பதினெட்டு வருடமாக ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் முன்னால் நிற்கிறவருக்கும் சொல்லுவார். அவருடைய டிப்போவும் மிசிசாகாவில்தான். ஆகவே ஒவ்வொரு விடியற்காலையும் டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் ஒன்றாகக் காரில் ஏறி, நானூற்றொன்றாம் நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓடி, என்னை இறக்கிவிட்டு அவர் போவார்.

ஞாயிறுகளில், கடைகள் திறக்க முன்பு, பெரிய அங்காடி ஒன்றின் வெறுந்தரிப்பிடத்தில் எனக்குப் பாடம் நடக்கும். பாடம் இப்படி இருக்கும்:

"பிரேக்கைப் பிடியும். பிடியும். ஏனப்பா உப்பிடிப் பிடிக்கிறீர்?"

"பிடியும் எண்டுதானே சொன்னனீங்கள்."

"மெல்லமாப் பிடியும் எண்டு உமக்குத் தனியாச் சொல்ல வேணுமோ?"

கணவனிடம் கார் பழகியவர்கள் இதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முதல் பரீட்சையில் பச்சை விளக்கில் நிறுத்தினேன். ஒரு கிழவி கடக்க யோசித்துக்கொண்டு நின்றாள், மரியாதை கொடுத்தேன். இரண்டாவதில் நடைபாதையின் விளிம்பில் ஏறி இறங்கினேன். மூன்றாவதில் இடப்பக்கம் திரும்புவதற்காகச் சந்தியில் நின்றேன். நின்றேன், நின்றேன், விளக்கு மூன்று தரம் மாறியது. பரீட்சகர் தாளில் இருந்து தலையை நிமிர்த்தி, மிகவும் பணிவாகக் கேட்டார்: "அம்மா, யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்களா?"

பின்னால் பார்த்து ஓட்டும் சாரதி

பெட்டியைக் குப்பையில் போடத்தான் கொண்டுபோனேன். போட முதல் ஒருக்கால் திறந்து பார்த்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

உள்ளே நூற்றுச் சொச்சத் துண்டுகள், பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்கின. கதவின் கைப்பிடி ஒரு அரிசி அளவு. பின்பார்க்கும் கண்ணாடி மூக்குத்தி அளவு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். எட்டாம் துண்டு ஒன்பதாம் துண்டில் இந்தப் பக்கமாகப் பொருந்தும் என்று தாளில் அம்புக்குறி போட்டிருந்தது. என் வாழ்க்கையில் எதுவுமே எண் போட்டு வந்ததில்லை. கலியாணமும் வரவில்லை, கனடாவும் வரவில்லை.

நகம் வெட்டியால் துண்டுகளை வெட்டினேன். புருவம் பிடுங்கும் சாவணத்தால் பிடித்தேன். மகள் லக்சனாவின் நகப்பூச்சுத் தூரிகையால் தீட்டினேன். அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை. நல்ல அமைதியான இரண்டு நாள்.

மூன்று கிழமையில் கார் முடிந்தது. முன்கண்ணாடி முழுக்கப் பசைபட்டு, யாரோ உள்ளே இருந்து சோறு வடித்த மாதிரிப் புகைந்துபோயிருந்தது. கண்ணாடியின் நடுவில் என் பெருவிரல் ரேகை, அடையாள அட்டைக்கு எடுத்ததுபோலத் துல்லியமாக. சாரதியின் இருக்கையைப் பின்புறமாக ஒட்டியிருந்தேன். வேலைக்குக் கொண்டுபோய் லோகாவிடம் காட்டினேன். அவள் தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஓட்டுற மாதிரியே கட்டியிருக்கீங்க."

அன்று மாலையே அடுத்த பெட்டி வாங்கினேன்.

குணத்தின் தங்கைக்கு விஷயம் எட்டியது. மச்சாள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணி, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் வாறேல்லை, என்ன வீட்டில இருந்து விளையாட்டுக் கார் செய்யிறீங்களாம்?" என்றாள். "விளையாட்டுக் கார் இல்லை, மாதிரிக் கார்" என்றேன். "என்ன வித்தியாசம்?" என்றாள். "விளையாட்டுக் காரைத் தொடலாம். இதைத் தொட்டா நான் கையை முறிப்பன்" என்றேன். அதன் பிறகு மச்சாள் தீபாவளிக்குத்தான் எடுத்தாள்.

வெக்ஸ்போர்ட்டில் பத்தொன்பது ஆண்களும் நானும்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தின் கீழ்த்தளத்தில், மாதிரிக் கார் கட்டுபவர்கள் கூடுவார்கள் என்று பெட்டி விற்ற கடைக்காரர் சொன்னார். பஸ் பிடித்துப் போனேன். மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி. அதற்குள் பஞ்சில் சுற்றிய கார். ஒரு முட்டையை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோனேன்.

உள்ளே பத்தொன்பது ஆண்கள். எல்லோருக்கும் வயிறு, பாதிப் பேருக்குத் தாடி. வாசலில் நின்றவர் என்னைப் பார்த்ததும் நிம்மதியாக, "நல்ல காலம் வந்தீர்கள், கழிவறையில் தாள் முடிந்துவிட்டது" என்றார்.

"அப்படியா? நல்ல காலம் சொன்னீர்கள், நான் போகவிருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்துப் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தேன். அவருடைய காது சிவந்ததை இன்றைக்கும் நினைத்துப் பார்த்துச் சந்தோசப்படுகிறேன்.

அங்கே ஸ்டீவ் என்று ஒருவர். மின்தூக்கி திருத்தும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இடது கையில் ஒரு விரல் பாதி. அந்தப் பாதி விரலோடு அவர் ஒட்டிய கார்களைப் பார்த்தால் வாயை மூட மறந்துபோகும். என் காரை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நீண்ட நேரம் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எஞ்சின் நன்றாயிருக்கிறது. கண்ணாடியில் யாரோ தும்மியிருக்கிறார்கள்."

இந்த நாட்டில் இத்தனை வருடமாக எல்லோரும் என்னிடம் 'வெரி குட், வெரி குட்' என்றே சொல்லிவந்தார்கள். நான் கதைத்த ஆங்கிலத்துக்கும் வெரி குட், கொண்டுபோன ரோல்சுக்கும் வெரி குட். ஒருவர் உள்ளதைச் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பயந்துபோய்க் கோப்பி கொண்டுவந்தார்.

கண்ணாடித் துண்டுகளுக்கு வேறு பசை வேண்டும்; பிள்ளைகள் காகிதம் ஒட்டுகிற வெள்ளைப் பசையே போதும். வர்ணத்தை ஒரே தடவையில் அப்பக்கூடாது. மெல்லியதாக ஐந்து தரம். கட்டத் தொடங்க முதல் எல்லாத் துண்டையும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தில் கழுவ வேண்டும். இவையெல்லாம் அவர் சொல்லித்தந்தது. நான் அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு சொல்லிக்கொடுத்தேன். அவர் வெரி குட் என்றார். அதைச் சமைக்கவில்லை என்பது பிறகு தெரியவந்தது.

மொறிஸ் மைனர்

அடுத்த வருடம் வசந்த காலத்தில் ஒரு போட்டி இருந்தது. அதற்கு மொறிஸ் மைனர் கட்டுவது என்று தீர்மானித்தேன். ஆமை மாதிரி உருண்ட சின்ன இங்கிலிஷ் கார். குணம் பதினேழு வயதில் அவருடைய மாமாவின் மொறிஸ் மைனரில்தான் ஓட்டப் பழகினவராம். அந்தக் காரைப் பற்றி அவர் சொன்ன கதைகளைக் கூட்டிப் பார்த்தால், அது நாளுக்கு நானூறு மைல் ஓடியிருக்க வேண்டும், இரண்டு தரம் குளத்தையும் கடந்திருக்க வேண்டும்.

"என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"பச்சை."

"என்ன பச்சை?"

"மொறிஸ் மைனர்ப் பச்சை" என்றார், என்னவோ நான் கேட்டதுதான் மடத்தனம் என்பதுபோல.

ஏழு பச்சை கலந்து காட்டினேன். ஏழாவதைப் பார்த்து "ஓம், உதுதான்" என்றார். அது எனக்கு மூன்றாவது மாதிரியேதான் தெரிந்தது. ஐந்து மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு நாள் காயவிட்டேன். மகளின் பழைய பள்ளிக்கூட மேசை, யன்னலோரம், என்னுடையதாகிவிட்டிருந்தது. அந்தக் காரின் முதுகைப் பார்த்தால் வானம் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முன்கண்ணாடி ஒட்ட வேண்டியிருந்தது. காரை ஒரு கையாலும் வளைந்த சட்டத்தை மறு கையாலும் பிடித்தால், கண்ணாடியை வைக்க மூன்றாவது கை தேவை. குணம் ரீ குடித்துக்கொண்டு இருந்தார்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கால் வாங்கோ. இந்தச் சாவணத்தால பிடிச்சு மெல்லமா இதில இறக்கிவிடுங்கோ."

"உதென்ன பெரிய வேலையே" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

கண்ணாடித் துண்டைப் பிடித்தார். கொண்டுவந்தார். சட்டத்துக்கு ஒரு விரற்கடை முன்னால், வெறும் காற்றில், மிகவும் கவனமாக அதை வைத்துவிட்டுச் சாவணத்தைத் திறந்தார். அது அவருடைய ரீக்குள் விழுந்தது.

நான் சிரித்தேன். "கை வழுக்கிப் போச்சு" என்றார். கழுவித் துடைத்துத் திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் காற்றில் வைத்தார். இந்தத் தடவை அது மேசையில் விழுந்தது.

மூன்றாம் தடவை, வைக்க முதல், வலது கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கணந்தான். கை அப்படியே நின்றது. கண்ணைத் திறந்தார், சாவணத்தைக் கீழே வைத்தார்.

"விடும். உது எனக்குச் சரிவராது."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ஒரு சின்னச் சக்கரத்தை எடுத்து அவருடைய முகத்துக்கு முன்னால் நீட்டி, "இதைப் பிடியுங்கோ" என்றேன். அவருடைய விரல்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பிடித்தன.

பிறகு எழும்பித் தொலைக்காட்சிக்குப் போய்விட்டார். நான் அந்தச் சக்கரத்தைப் பிடித்தபடி இருந்தேன். கொஞ்ச நாளாக அடிக்கடி கோப்பைக்கு வெளியே ஊற்றப்பட்ட ரீ. மூன்று மாதமாகத் தரிப்பிடத்தில் எங்களுடைய இடத்தை விட்டுவிட்டு, சுவரோ தூணோ இல்லாத கோடியில் கார் விடுவது. பக்கக் கண்ணாடியில் இருந்த கீறல்; "ஆரோ விசரன் உரசிப்போட்டுப் போயிட்டான்" என்றது. எட்டாம் துண்டு ஒன்பதாம் துண்டில் பொருந்துவதுபோல ஒவ்வொன்றாகப் பொருந்தியது. தாளில் அம்புக்குறி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எந்தக் கண்?

அன்று நான் எதுவும் கேட்கவில்லை. கோழை. அடுத்த நாள் விடிய அதே காரில் அதே பக்கத்தில் ஏறி இருந்தேன். நெடுஞ்சாலையில் இடப்பக்கத்தால் லொறிகள் போயின. ஒவ்வொரு லொறிக்கும் நான் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். என் மடியில் இருந்த சாப்பாட்டுப் பை நசிந்து, புட்டும் குழம்பும் ஒன்றாகிவிட்டன.

தொழிற்சாலையின் முற்றத்தில் நிறுத்தினார். நான் இறங்கவில்லை.

"எந்தக் கண்?"

"என்ன எந்தக் கண்?"

"எந்தக் கண் தெரியேல்லை உங்களுக்கு?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இடது."

"எவ்வளவு நாளா?"

"மார்கழியில இருந்து. முதல்ல ஒரு நூல் மாதிரி ஓடிச்சுது. இப்ப புகை. மற்றக் கண் நல்லாத்தான் இருக்கு. ஒரு கண்ணோட ஓடிறவை எத்தினை பேர் இருக்கினம், உமக்குத் தெரியுமோ?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா? டொக்டரிட்டைப் போ எண்டுவீர். டொக்டர் லைசன்ஸை எடுத்துப்போடுவான். பிறகு ஆர் ஓடுறது?" என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீரோ?"

அந்த 'நீரோ' இருக்கிறதே, அது எந்தப் பரீட்சகரும் என்னிடம் சொல்லாதது.

"நானும் இந்தக் காரிலதானே வாறன்" என்றேன். "பிள்ளையும் இதிலதானே வாறவள். நீங்கள் கொண்டுபோய்க் குடுக்கிற பொதிக்குத் தெருவில நிக்கிறதுகளும் ஆரோ பெத்த பிள்ளையள்தானே."

நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, உருவி, புட்டுக்கும் குழம்புக்கும் நடுவில் போட்டுப் பையின் சிப்பை இழுத்தேன்.

"இண்டைக்கு டிப்போவுக்குப் போய் வானை எடுத்தீங்களெண்டா, நானே உங்கடை சூப்பர்வைசருக்குப் போன் அடிப்பன்."

இறங்கி உள்ளே போய்விட்டேன்.

அவர் போகவில்லை. உடம்புக்கு வருத்தம் என்று டிப்போவுக்குச் சொல்லிவிட்டு, எங்கள் தொழிற்சாலை வாசலில் காவலாளிக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிட்டார். எட்டு மணித்தியாலம். என்னுடைய பணிஸ்கள் அன்று ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு மூலையில் இருந்தன. லோகாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. மிச்சமான கோழித் தட்டு இரண்டும் புடிங் இரண்டும் களவாக வாசலுக்குக் கொண்டுபோனாள்.

"சீனி வருத்தக்காரனுக்குப் புடிங்கோ?" என்று கத்தினேன். குணத்துக்கு நீரிழிவு இருக்கிறது.

"பாவம் கா மனிசன், முகத்தப் பாருங்க. மறுகா டொக்டரிட்டக் காட்டலாம்" என்றாள்.

(தொழிற்சாலைச் சாப்பாட்டை வெளியே கொடுப்பது குற்றம். லோகா இப்போது அங்கே வேலை செய்வதில்லை. ஆகவே எழுதுகிறேன்.)

மாலையில் காரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பஸ், சுரங்க ரயில், திரும்பவும் பஸ் என்று வீட்டுக்கு வந்தோம். இரண்டரை மணித்தியாலம். ரயிலில் ஒரு இடந்தான் இருந்தது. என்னை இருக்கச் சொல்லிக் கையால் காட்டிவிட்டு, என் சாப்பாட்டுப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பைக்குள் சாவி இருப்பது அவருக்குத் தெரியும். எடுக்கவில்லை.

உள்ளே கசிந்த இரத்தம்

லக்சனாவிடம் சொன்னபோது அவள் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "அப்பா, ஆர் யூ க்ரேஸி? கண் தெரியாட்டி வை ஆர் யூ ஸ்டில் டிரைவிங்? நான் பின் சீற்றில நித்திரை கொண்டெல்லாம் வந்தனான்!" குணம் குனிந்த தலை நிமிரவில்லை. அவளே கண் வைத்தியரிடம் நாள் எடுத்தாள். அவளும் ஒரு சிநேகிதியும் போய்க் காரைக் கொண்டுவந்தார்கள்.

சீனி வருத்தம். இடது கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார் வைத்தியர். மாதம் ஒரு ஊசி, கண்ணுக்குள்ளேயே. தான் சொல்லும்வரை வாகனம் ஓட்டக்கூடாது. போக்குவரத்து அலுவலகத்துக்கும் கடிதம் போகும்.

டிப்போவில் அவரை வானில் இருந்து இறக்கி, உள்ளே பொதி பிரிக்கும் வேலைக்கு விட்டார்கள். பதினெட்டு வருடமும் ஒரு கீறல் விழாதவர் என்று அவர் அங்கே யாருக்கும் சொல்லவில்லை என நினைக்கிறேன்.

என்னோடு பதினேழு நாள் பேசவில்லை. பதினெட்டாம் நாள் பேசினது இது: "உம்மடை விளையாட்டுச் சாமானாலதான் என்ரை வேலை போனது."

நான் திருப்பிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்தக் கண்ணில் ஊசி குத்திய சிவப்பைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அங்கே போய்ச் சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் வெங்காயத்துக்குச் சொன்னேன்.

மொறிஸ் மைனரை அதன் பிறகு தொட மனம் வரவில்லை. போட்டிக்குக் கண்ணாடி இல்லாமலே கொண்டுபோனேன். நடுவர் ஒருவர் குனிந்து பார்த்து, முன்கண்ணாடி எங்கே என்று கேட்டார். "சாரதி வேண்டாம் என்றுவிட்டார். எப்படியும் அவருக்குத் தெரிவதில்லை" என்றேன். அவர் தாளில் எதையோ எழுதினார். பரிசு இல்லை. ஸ்டீவ் மட்டும் காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவிட்டு, "இந்த மண்டபத்தில் இதைவிட நல்ல வர்ணப்பூச்சு இல்லை" என்றார். வெரி குட் என்று அவர் சொல்லவில்லை.

நாலாம் தடவை

மாதிரிக் கார் கட்டிக் கட்டியே எனக்குக் கார் ஓட்ட வந்துவிட்டது என்று எழுதினால் ஆசிரியருக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஸ்டியரிங்கில் இருந்து சக்கரம் வரை எந்தத் தண்டு எதைத் தள்ளுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் நடைபாதை விளிம்பில் ஏறலாம்.

நடந்தது வேறு. அந்தத் திங்கட்கிழமை நாற்பது நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு வந்தேனே, அன்றைக்குப் பயம் இடம் மாறிவிட்டது. ஓட்டுகிற இருக்கையில் இருந்த பயம் பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயத்தை எந்தச் சந்தியும் எனக்குத் தரமுடியாது.

லக்சனா பழக்கினாள். அவள் கத்தமாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை உள்ளே இழுப்பாள். அது கத்துவதைவிட மோசம். நாலு மாதம். பரீட்சைக்கு ஒரு பெண் வந்தாள், இளம் பெண், சளி பிடித்திருந்தது. இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். எதிரே கார்கள் வந்தன. ஒரு இடைவெளி தெரிந்தது. திரும்பினேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டே சரி போட்டாள். அவ்வளவுதான். கேக் யாரும் வெட்டவில்லை. லோகா மட்டும் என்னுடைய தட்டில் ஒரு பணிஸ் கூடுதலாக வைத்தாள்.

அதற்கு அடுத்த கிழமை குணத்துக்கு ஊசி போடும் நாள். அந்தச் சிறப்பு வைத்தியர் இருப்பது மிசிசாகாவில். லக்சனாவுக்கு வேலை. "பஸ்ஸில போவம்" என்றார் குணம். நான் சாவியை எடுத்துக்கொண்டு நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கினேன். பின்னால் அவருடைய செருப்புச் சத்தம் வந்தது.

பக்கத்து இருக்கையில் ஏறினார். பட்டியை இழுத்துப் போட்டார். சரியாகப் பூட்டினதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். நான் அதைக் காணாததுபோல இருந்தேன்.

நெடுஞ்சாலையில் ஏறினேன். இடது பக்கம் லொறி, பின்னால் லொறி. 'பிரேக்கைப் பிடியும்' வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு சத்தமும் இல்லை. நித்திரையாகிவிட்டாரோ என்று கடைக்கண்ணால் பார்த்தேன்.

அவர் தன் நல்ல கண் பக்கமாகத் திரும்பி, யன்னலோடு நெற்றியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பாருமப்பா" என்றார், மெதுவாக. "இந்த றோட்டுக் கரையில ஒரு கோயில் இருக்கு. தங்கக் கலசம் எல்லாம் வைச்சு. எப்ப கட்டினவங்கள்?"

"அது கட்டி எத்தினையோ வருசம். நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

"பதினெட்டு வருசம் இதால ஓடியிருக்கிறன். நான் ஒரு நாளும் காணேல்லை."

கொஞ்சத் தூரம் போனது.

"அங்கை ஒரு ஆறும் ஓடுது" என்றார். "பாரும், பாலத்துக்குக் கீழ. ஒருக்கால் பாருமன்."

"நான் பாக்கேலாது, இஞ்சேருங்கோ" என்றேன். "நான் ஓடுறன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

மிசிசாகா வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.